மேசியாவை இறக்குகிறவன்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கிறது. அது ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றவர்கள் வாயில் வருவது 'பீரோ' என்பதுதான். வீடு மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு வந்த புதிதில், ஒரு குறுகலான மாடிப்படியில் இரும்பு பீரோ ஒன்று இரண்டு பேர் பிடித்தால் திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இவன் போர்வையை முதுகில் போட்டு, பட்டையைத் தோளில் மாட்டி, தனியாளாய்ச் சுமந்து மேலே கொண்டுபோய் வைத்தான். மேலே நின்று பார்த்த வீட்டுக்காரம்மா, "பீரோவுக்குக் கால் முளைச்சு அதுவா நடந்து வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள். கூட இருந்த மச்சான் அதை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான்.

மச்சான் என்றால் அவன் பெண்டாட்டியின் அண்ணன். லாரி அவனுடையது. சுமப்பது இருவரும்தான், ஆனால் படிக்கட்டில் பாரமான கீழ்ப்பக்கத்தை பீரோ யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கண்ணாடி வைத்த சாமானைத் தன் சொந்தப் போர்வையில்தான் சுற்றுவான். மரச் சாமானில் கயிறு படக்கூடாது, துணிப்பட்டைதான் கட்ட வேண்டும் என்பான். சுமக்கும் பொருளோடு மெல்லிய குரலில் பேசுவான். "வா, வா, இந்தத் திருப்பம்தான், அப்புறம் ஒண்ணும் இல்ல" என்று அவன் ஒரு ஃப்ரிட்ஜிடம் சொல்வதைக் கேட்டவர்கள் உண்டு.

போன வருஷம் அவன் பெண்டாட்டி இறந்துபோனாள். சிறுநீரகம் கெட்டு, நெடுநாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, கடைசியில் வீட்டுக் கட்டிலிலேயே போய்விட்டாள். அவர்கள் இருந்தது மாடி வீடு. ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். பீரோ அவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவளை இரண்டு கைகளிலும் ஏந்திக் கீழே கொண்டுவந்தான்.

அவளை அவன் அதற்கு முன்பும் எத்தனையோ முறை அதே படியில் தூக்கி இறக்கியிருக்கிறான். கால் வீங்கிய நாட்களில் அவளுக்கு நடக்க முடியாது. அப்போதெல்லாம் அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். உயிரோடு இருப்பவர்கள் தூக்குகிறவனுக்குத் தெரியாமலே உதவுவார்கள். உடம்பைச் சுருக்கிக்கொள்வார்கள், திருப்பத்தில் தலையைக் குனிந்துகொள்வார்கள். அன்று அவள் எதுவும் செய்யவில்லை. இளைத்துத் துரும்பாய்ப் போன உடம்பு, எந்த பீரோவைவிடவும் கனத்தது. சபையில் ஒவ்வொருவராக வந்து, "அவ தூங்கறதா நினைச்சுக்க தம்பி" என்றார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்குகிறவளைத் தூக்கினால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இது அது இல்லை.

அந்த எரிச்சல்தான் இந்த வருஷம் நாடகத்தில் போய் முட்டியது.

மேசியா உயிர்விட்ட வெள்ளிக்கிழமையில் தேவாலயத்து முற்றத்தில் வருஷாவருஷம் நாடகம் போடுவார்கள். எழுதி நடத்துபவர் போதகர். துணி தைப்பது பீரோவின் அக்கா. மேசியாவாக நடிப்பவர் பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் பாட்டு வாத்தியார். உயரமான ஒல்லி உடம்பு, உருக்கமான குரல், இதற்கென்றே வளர்த்துப் பராமரிக்கும் தாடி. பீரோவுக்கு வசனம் இல்லாத வேடம். இறந்த மேசியாவைச் சிலுவையிலிருந்து இறக்கும் பணக்காரச் சீடன். முன்பக்கத்து ஏணியில் அவன் ஏறுவான். பின்பக்கத்து ஏணியில் மச்சான். நீளமான வெள்ளைத் துணியை மேசியாவின் அக்குளுக்குக் கீழே கொடுத்து, குறுக்குச் சட்டத்துக்கு மேலே போட்டு, மச்சான் பின்னாலிருந்து மெதுவாக இளக்க, பீரோ முன்னாலிருந்து தோளில் வாங்க வேண்டும். மச்சானுக்குக் கோயிலும் கிடையாது, சாமியும் கிடையாது. ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை பொய்த்தாடியை ஒட்டிக்கொண்டு வந்து நிற்பான். "கூலி இல்லாத லோடு இது ஒண்ணுதான்" என்பான்.

பாட்டு வாத்தியார் சாகும் வரை நன்றாகத்தான் நடிப்பார். தலை சாயும்போது முற்றத்தில் விசும்பல் கேட்கும். செத்த பிறகுதான் தொல்லை. கையைச் சட்டத்தோடு கட்டிய வாரை அவிழ்த்த உடனே அவர் விரல்கள் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். கால் ஏணிப்படியைத் தேடும். ஒரு கண் லேசாகத் திறந்து, படி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும். மேசியா பாதி தூரம் தானே இறங்கி வந்துவிடுவார். முன்வரிசைப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். முன்பெல்லாம் பீரோவுக்கு இது குறையாகவே தெரியவில்லை. பாதிச் சுமை தானே நடந்து வந்தால் எந்தச் சுமைகாரனுக்குக் கசக்கும்?

இந்த வருஷம் முதல் ஒத்திகையிலேயே அவன் ஏணியில் நின்றபடி சொன்னான்.

"அண்ணே, காலால படிய தேடாதீங்க. செத்தவர் கால் தேடாது."

"விழுந்தா யாருடா பொறுப்பு?" செத்த மேசியா கண்ணைத் திறந்தார். "ஞாயித்துக்கிழமை ஆராதனையில யாரு பாடுவா, நீ பாடுவியா?"

"இவன் பாடினா செத்தவரே எழுந்து ஓடிடுவாரு" என்றது பின்னால் இருந்த பொய்த்தாடி.

"நான் பிடிச்சிருக்கேன்ல. எத்தனையோ பேர் சாமான் என் கையில வந்திருக்கு, ஒண்ணு உடைஞ்சதுண்டா? நீங்க சும்மா விடுங்க. மொத்தமா விடுங்க."

"ஏன்டா, நான் போட்டிருக்கறது யாரு வேஷம்? தெருவுல போறவன் வேஷமா? தேவகுமாரன். செத்தாலும் அந்த உடம்புல ஒரு கம்பீரம் இருக்கும். நனைஞ்ச சாக்கு மாதிரி தொங்கினா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? உள்ள தெய்வம் இருக்குல்ல?"

"தெய்வம் இருந்து பாதி இறங்கி வந்தாருன்னா, அப்ப அவரு சாகவே இல்லியே."

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான். ஒத்திகைக் கூடத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். துணியில் ஊசி குத்திக்கொண்டிருந்த அக்கா தலைநிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். சபையில் அவன் இப்படி வாய்திறந்து அவள் பார்த்ததில்லை. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இது ஒத்திகைப்பா, வேதபாட வகுப்பு இல்ல. அடுத்த காட்சி" என்றார்.

மறுநாள் லாரியில் மச்சான் கேட்டான். பின்னால் ஒரு குடும்பத்தின் மொத்தச் சாமானும் குலுங்கிக்கொண்டு வந்தது.

"நீ ஏன் மச்சான் இத இவ்வளவு பெரிசு பண்ற? என் தங்கச்சி போயிட்டா. உங்க சாமி நிஜமா செத்தா என்ன, செத்த மாதிரி நடிச்சா என்ன? அவ வரப்போறாளா?"

பீரோ பின் கண்ணாடி வழியே சாமானின் கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அவரு நடிச்சிருந்தா, அவ தனியா போயிருக்கா மச்சான். அவரே போகாத இடத்துக்குப் போயிருக்கா."

மச்சான் கியரை மாற்ற மறந்தான். வண்டி இருமி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்த, மச்சான் தலையை வெளியே நீட்டி, யாரையோ திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்து அவர்களைத் திட்டினான்.

பீரோவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, செத்த மேசியாவை, செத்த கனத்தோடு, தன் தோளில் வாங்கிப் பார்க்க வேண்டும். பேசி நம்ப வைக்க முடியாத ஒன்றை அவன் தோள் நம்பும் என்று அவனுக்குத் தோன்றியது. சுமந்து அறிந்ததைத் தவிர வேறு எதையும் அவன் உறுதியாக அறிந்தவன் இல்லை.

அந்த வாரமே போதகர் தன் புத்தக அலமாரியை மாடியறைக்கு மாற்றக் கூப்பிட்டார். மச்சான் வேறு வேலையில் மாட்டிக்கொண்டதால் போதகரே மேல்பக்கத்தைப் பிடித்தார். ரப்பர் செருப்போடு, பின்னால் பார்த்துப் பார்த்துப் படி ஏறினார். திருப்பத்துக்கு வந்ததும் கீழ்ப்பக்கத்தைப் பிடித்திருந்த பீரோ நின்றுவிட்டான்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"இப்பவா?"

"இறக்கி வச்சா நீங்க கூட்டத்துக்குக் கிளம்பிடுவீங்க."

"கேளு. சீக்கிரம் கேளு, கை வலிக்குது."

"அவரு முழுசா செத்தாரா?"

"செத்தார். அதுதான் நம்ம விசுவாசமே."

"தெய்வமாவும் செத்தாரா?"

போதகர் பெருமூச்சு விட்டார். "மனுஷனா செத்தார். தெய்வத்தன்மைக்குச் சாவு கிடையாது."

"அப்ப ஒரு கதவு உடைஞ்சது, ஒரு கதவு உடையல. அப்படியா?"

"அவர அலமாரி மாதிரி பேசாதப்பா. அவர் ரெண்டு ஆள் இல்ல. ஒரே ஆள். செத்தது அந்த ஒரே ஆள்தான். அதனால தேவனே செத்தார்னு சொல்லணும். தேவன் சாகவே மாட்டார்னும் சொல்லணும். ரெண்டுல எதையும் கீழ போடக்கூடாது."

"ரெண்டையும் ஒருத்தன் எப்படிய்யா பிடிக்கிறது?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு இத்தனை புஸ்தகத்த வாங்கி அடுக்கி வச்சிருக்கேன்? ஏறுப்பா, விரல் போகுது!"

அலமாரி மாடியறைக்குப் போய்ச் சேர்ந்தது. போதகர் விரல்களை ஊதிக்கொண்டே, சற்றுத் தயங்கி, "வீட்டுக்காரிய நினைச்சு கேக்கறியா?" என்றார். குரலில் நிஜமான பரிவு இருந்தது. அதனாலேயே பீரோவால் அங்கே நிற்க முடியவில்லை. "லோடு இருக்குங்கய்யா" என்று இறங்கிவிட்டான். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கேட்கப் போனவனுக்கு இரண்டும் கிடைத்திருந்தது. ஆமாமும் இல்லையும் சேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும்? கீழே வந்து லாரியின் டயரை ஓர் உதை விட்டான். அதற்கும் வலித்தது அவன் காலுக்குத்தான்.

கடைசி ஒத்திகையில் பாட்டு வாத்தியார் புதிதாக ஒரு தொல்லை கொடுத்தார். 'விடுங்க, விடுங்க' என்று பீரோ நச்சரித்ததில், அவர் மெனக்கெட்டு உடம்பைத் தளர்த்தினார். அப்போது அக்குளில் துணி உரச, கூச்சம் தாங்காமல் மேசியா கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். கூடமே சிரித்தது. பீரோவுக்கு மட்டும் முகம் கருத்தது.

"அண்ணே, இது உங்களுக்கு விளையாட்டா?"

"டேய், கூச்சம்டா! என்ன பண்ணச் சொல்ற? சொல்றது சுலபம். முடிஞ்சா நீ ஏறிக் காட்டு."

"ஏறு மச்சான்" என்று மச்சான் பின்னாலிருந்து கை தட்டினான். "இன்னிக்கு பீரோவ இறக்கறோம்."

பீரோ ஏறினான். சிலுவையின் கால்பலகையில் நின்று கைகளை விரித்தான். அக்கா ஓடிவந்து சட்டம் தாங்குமா என்று தட்டிப் பார்த்தாள். பாட்டு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் ஏணியில் ஏறினார். மச்சான் துணியைப் போட்டான். கை வார்கள் அவிழ்ந்தன.

"விடுடா" என்றார் பாட்டு வாத்தியார்.

பீரோ விட்டான். விட்டதாக நினைத்தான். பார்த்தால் அவன் வலது கை சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. கால் தானாகப் படியைத் தேடி, அதைக் கண்டுபிடித்து, ஊன்றியும் விட்டிருந்தது.

"மறுபடியும்" என்றான்.

மறுபடியும் அதேதான். கண்ணை மூடினான், மூச்சை அடக்கினான், பல்லைக் கடித்தான். உடம்பில் உள்ள ஒவ்வொரு தசையும் வாழ்நாளெல்லாம் சுமந்து பழகியது. சுமக்கப்பட அதற்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் தளர்த்தினால் மறுபக்கம் முறுக்கியது. "மச்சான், கல்லு மாதிரி நிக்கறியே, சாவுடா!" என்று மச்சான் கத்தினான். நாற்காலிகளில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்க முடியாமல் கீழே பார்த்தாள்.

பாட்டு வாத்தியார் ஏணியில் அவன் முகத்துக்கு நேராக நின்றிருந்தார். சொல்லிக்காட்டியிருக்கலாம். ஆனால், "கஷ்டமா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

பீரோ தானே இறங்கினான். அவ்வளவு நாளும் அந்த மனிதர் மேல் காட்டிய கோபம் அத்தனையும் திரும்பிவந்து அவன் மேலேயே விழுந்தது. தன்னால் ஒரு கணம்கூட முடியாத காரியத்தை அவரிடம் அதட்டிக் கேட்டிருக்கிறான். அது அவன் பிடிவாதத்தைக் குறைத்ததா என்றால், இல்லை. ஆசை கூடத்தான் செய்தது. யாராலும் முடியாத ஒன்றை மேசியா செய்தார் என்றால், அது நிஜமாகவே நடந்திருக்க வேண்டும் என்று ஒரு நேரம் தோன்றும். யாராலும் முடியாதென்றால் அவரால் மட்டும் எப்படி என்று மறுநேரம் தோன்றும். சாமான் ஏற்றும்போதும் இறக்கும்போதும் இந்த இரண்டும் அவனை மாறி மாறிக் குத்தின. ஒரு வீட்டில் பூந்தொட்டியை உடைத்துவிட்டான். அவன் கையில் முதன்முதலாக உடைந்த பொருள் அதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை முற்றம் நிரம்பிவிட்டது. மதில்மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பீரோ அக்கா தைத்துக் கொடுத்த பழுப்பு அங்கியில் இருந்தான். பணக்காரனின் அங்கி என்பதால் கழுத்தில் இரட்டைத் தையலும் அதன் ஓரத்தில் சரிகையும் வைத்திருந்தாள். சிலுவைக் காட்சி நடந்தது. கீழே நின்ற கூட்டம் கையைத் தட்டி ஏளனம் செய்தது. மற்றவர்களைக் காப்பாற்றினானே, இப்போது தன்னைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கி வரட்டுமே என்று கத்தியது. பாட்டு வாத்தியார் கடைசி வார்த்தைகளைச் சொன்னார். தலை சாய்ந்தது. முற்றத்தில் இருமல் சத்தம்கூட இல்லை.

பாடகர் குழு மெல்லப் பாடத் தொடங்கியது. பீரோ ஏணியில் ஏறினான். மச்சான் துணியை இழுத்துச் சரிபார்த்தான். பீரோ இடது கை வாரை அவிழ்த்தான். அந்தக் கை தொப்பென்று அவன் முதுகில் விழுந்தது. பிடிக்கவில்லை, தேடவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தது. கால்களும் ஏணியைத் தேடவில்லை. பீரோவின் தோளில் கனம் இறங்கியது. அவனுக்குத் தெரிந்த கனம். வலது கை வாரையும் அவிழ்த்தான்.

அந்தக் கை சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே" என்றான் பல்லிடுக்கில். "விடுங்க."

மச்சான் பின்னாலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று ஒட்டியது. முன்வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்றது. பீரோவுக்குத் தலைக்கு ஏறியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒரு கையில்! ஏணியோடு அவரை உலுக்கிவிடலாம் போல இருந்தது.

"விடுங்கன்னா!"

"முடியலடா." மேசியாவின் உதடு அசையவே இல்லை. சாயம் பூசிய தாடி அவன் காதில் உரசியது. "பயமா இருக்கு."

பீரோ அசையாமல் நின்றான். பயமா இருக்கு என்ற வார்த்தையை இந்த ஒரு வருஷத்தில் அவனிடம் யாரும் சொல்லவில்லை. தைரியமாக இரு என்றார்கள், தூங்குகிறாள் என்றார்கள், பரலோகத்தில் இருக்கிறாள் என்றார்கள். அவனும் யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்தில் மேசியா பயந்து வியர்த்து, இது என்னைவிட்டுப் போகக்கூடாதா என்று கெஞ்சுகிற காட்சி அந்த நாடகத்தில் உண்டு. அந்த நேரத்தில் பீரோ எப்போதும் மேடைக்குப் பின்னால் ஏணிக்குத் துணி சுற்றிக்கொண்டிருப்பான். ஒரு வருஷமும் அதைப் பார்த்ததில்லை.

"அத விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்குங்க" என்றான்.

விரல்கள் சட்டத்தை விட்டன. காற்றில் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்தன. பிறகு அவன் அங்கியின் கழுத்தை அள்ளிப் பிடித்தன. மச்சான் துணியை இளக்கினான். பீரோ ஒவ்வொரு படியாக இறங்கினான். "வாங்க, வாங்க, இதோ, அவ்வளவுதான்" என்று அவன் வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. அக்கா வைத்த இரட்டைத் தையல் பிரிவது பாட்டுக்கு நடுவிலும் கேட்டது.

விரித்திருந்த வெள்ளைத் துணியில் அவரைக் கிடத்தினான். அங்கே அவன் எழுந்து, மச்சானோடு மேடையின் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் பாட்டு வாத்தியாரின் கை அங்கியை விடவில்லை. மச்சான் கண்ணைக் காட்டினான், போதகர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார். பீரோ துணியின் ஓரத்தை இழுத்து அந்தக் கையையும் தன் கழுத்துப்பட்டியையும் சேர்த்து மூடினான். வெளியே தெரிந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். குனிந்த இடுப்பு வலிக்க, பாட்டு முடியும் வரை பிணத்தின் முகத்தருகே முகம் வைத்து அப்படியே மண்டியிட்டிருந்தான். முற்றத்தில் பலர் அழுதார்கள். அது எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

திரை மூடியது. பாட்டு வாத்தியார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"செத்தேனாடா?"

"இல்லண்ணே."

"ஒரு கைதான்டா. மத்ததெல்லாம் விட்டேன்."

"தெரிஞ்சுது."

"கோவமா?"

"கோவம்தான்" என்றான் பீரோ. கழுத்தில் தொங்கிய சரிகையைப் பிய்த்து, அங்கிக்குள் இருந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தோள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் இன்னும் விடாமல் இருந்த அந்தக் கையை அவன் பிரித்துவிடவும் இல்லை. "மெதுவா எழுந்திரிங்க. கால் மரத்துப் போயிருக்கும்."